ஆரோக்கியநாதரின் தொடைப்புண்

முதலில் அந்த நாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் ஏதோ பெரிய யோக்கியன் போலத் தெரியும். சிட்டம்மாள் அக்காவின் வலது பாதத்தில் இருந்த புண் பத்தடி தூரத்திலேயே ஆளை நிறுத்தும். அரிசி மூட்டைக்குள் எலி செத்துக் கிடந்தால் ஒரு வாடை வருமே, அதோடு ஆஸ்பத்திரி மருந்தையும் தேங்காய் எண்ணெயையும் கலந்த மாதிரி. முதல் நாள் நான் வாசலோடு நின்றுவிட்டேன். இரண்டாம் நாளும் அப்படித்தான். போகப் போகப் பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் யாரும் அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

நான் வேதகிரி, வாலாஜாபாத்தில் பெயிண்டர். கடைக்குப் பெயர்ப்பலகை, வண்டிக்கு நம்பர், அம்மனுக்குக் கண், முனீஸ்வரனுக்கு மீசை, மாதாவுக்கு நீல முக்காடு, எது வந்தாலும் செய்வேன். சாமிகளில் எனக்குப் பேதமில்லை. எல்லாச் சாமிக்கும் பூச்சு உரியத்தான் செய்கிறது. ஆகஸ்ட் பதினாறாம் தேதி ஆரோக்கியநாதர் திருநாள். அதற்கு முன்னால் சாலவாக்கத்தில் பஸ்ஸை விட்டிறங்கி, ஏரிக்கரையோரமாக மூன்று கிலோமீட்டர் உள்ளே நடந்து, காலனிக் கோயிலுக்குப் போய்விடுவேன். ஏழு வருஷமாக அப்படித்தான். ஊர்ப் பெயர் வேண்டாம். அடுத்த வருஷமும் நான் அங்கே போகவேண்டும்.

மற்ற வருஷங்களில் இரண்டு நாள் வேலை. இந்த வருஷம் முழுதாகச் சுரண்டி அடிக்கச் சொல்லிவிட்டார்கள், ஒரு வாரம் ஆகும். மூன்றடி உயர மரச் சிலை அது. யாத்திரைக்காரனின் அங்கியும் தடியும். இடது கையால் அங்கியைத் தூக்கி, தொடையிலிருக்கும் புண்ணை வலது விரலால் சுட்டிக் காட்டிக்கொண்டு நிற்பார். காலடியில் வாயில் ரொட்டியைக் கவ்விய நாய். புண்ணை முதலில் செதுக்கியவன் கண்ணுக்குத் தெரியாத அளவில் சின்னதாகத்தான் செதுக்கியிருப்பான். வருஷா வருஷம் ஒரு விரல் போய்ப் போய் இப்போது முதல் கணு முழுக்க இறங்குகிற பள்ளமாகிவிட்டது.

அந்த விரல் சிட்டம்மாள் வீட்டு விரல். வாந்திபேதி வந்து காலனியில் பாதிச் சனம் போனபோது, அந்த வீட்டில் வாழ வந்த ஒருத்தி சிலையின் புண்ணில் மஞ்சளும் எண்ணெயும் வைத்து வேண்டிக்கொண்டாளாம், நோய் நின்றதாம். அன்றிலிருந்து திருநாளன்று சாமியைச் சப்பரத்தில் ஏற்றுமுன் அந்த வீட்டு மருமகள்தான் எண்ணெயில் விரலைத் தோய்த்து மூன்று முறை புண்ணுக்குள் வைப்பாள். மாமியார் கையிலிருந்து மருமகள் கைக்குப் போகிற வேலை. வழிகிற எண்ணெய் தொடையில் இறங்கி, நாயின் தலையில் சொட்டி, கீழே வைத்த பித்தளைத் தட்டில் சேரும். அதைப் புண்ணெண்ணெய் என்று குப்பியில் பிடித்துப் போவார்கள். சிரங்கு, கட்டி, சேற்றுப்புண் எல்லாவற்றுக்கும் அதுதான்.

சிட்டம்மாளும் தன் காலுக்கு அதைத்தான் பத்து மாசமாகத் தடவிக்கொண்டிருந்தார். நூறு நாள் வேலையில் ஏரிக்கால்வாய் தூர் எடுக்கும்போது வேலிக்காத்தான் முள் ஏறியது. சர்க்கரை உடம்பு. வெளியே தோல் மூடிக்கொண்டதும் ஆறிவிட்டது என்று விட்டுவிட்டார். உள்ளே அது தன் பாட்டுக்கு வேலை பார்த்திருக்கிறது. சர்க்கரை கண்ணையும் விட்டுவைக்கவில்லை. ஆள் நிற்பது தெரியும், யாரென்று குரல் வந்தால்தான் தெரியும்.

எனக்குச் சாப்பாடு அவர்கள் வீட்டில். அதுவும் வழக்கம்தான், பெயிண்டருக்குப் புண்ணெண்ணெய் வீட்டில் சோறு. மருமகள் ஜெனிஃபர் கையில் ருசி உண்டு. கருவாட்டுக் குழம்பும் முருங்கைக்கீரையும் வைத்துக் கொடுப்பாள். போன வருஷம்வரை நான் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன். இந்த வருஷம் தட்டைக் கையில் வாங்கினதும் அந்த வாடை மூக்கில் ஏறி, சோற்றிலிருந்தே வருவது போல இருந்தது. "வேல கீது, கோயில்ல உக்காந்து சாப்புடறேன்" என்று தூக்குவாளியில் வாங்கிப் போய், கோயிலுக்குப் பின்னால் திரிகிற கறுப்பு நாய்க்குக் கொட்டிவிட்டு, கடையில் பன்னும் டீயும் சாப்பிட்டேன். அசிங்கமான செயல்தான். ஏழு வருஷம் சோறு போட்ட வீடு.

சிட்டம்மாள் தினமும் ஒரு கேள்வி கேட்பார். யார் கிட்டே வந்தாலும் கேட்பார்.

"நாத்தம் அடிக்குதா?"

"இல்லத்தே" என்பாள் ஜெனிஃபர்.

"இல்லம்மா, சும்மா கெட" என்பான் மகன் சாம்சன். ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவன். உமித்தூசியோடு வந்து அம்மாவின் கட்டைப் பிரித்துத் துடைப்பான். அந்த நேரத்தில் மட்டும் வாயால் மூச்சு விடுவான்.

"இல்லக்கா" என்று நானும் சொன்னேன்.

டாக்டர் சொன்னது எல்லோருக்கும் தெரியும். பாதத்தை எடுக்கவேண்டும். தள்ளிப்போட்டால் முட்டிவரை, இன்னும் தள்ளினால் உயிர். செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சிட்டம்மாள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார், பதினாறாம் தேதி சாமிக்கு எண்ணெய் வைத்துவிட்டுத்தான் போவேன் என்று. சாம்சன் கெஞ்சினான், கத்தினான், இரண்டு நாள் பேசாமல் இருந்தான். கடைசியில் பதினேழாம் தேதி காலைக்கு ஒரு குட்டியானை வண்டியைப் பேசி வைத்தான்.

நான் உப்புத்தாள் போட்டுச் சிலையைத் தேய்க்கும்போது அவர் ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு வந்து கோயில் வாசலில் உட்கார்ந்துகொள்வார். காலைச் செங்கல்மேல் வைத்துக்கொண்டு ஈ ஓட்டுவார். வெளியே ஆவி மாதிரிப் புழுக்கம். ஏரிப் பாசனத்தில் சொர்ணவாரி அறுப்பு. மிஷின் ஓடுகிற சத்தமும் வைக்கோல் தூசும் கோயிலுக்குள் வரும்.

"வேதகிரி, ஒனக்கு எங்க சாமி கத தெரியுமா?"

"வருசா வருசம் சொல்றியேக்கா."

"இந்த வருசமும் கேளு. பெரிய பணக்காரன் வூட்டுப் புள்ள. பொறக்கும்போதே நெஞ்சுல செலுவ மச்சம். அப்பன் ஆத்தா பூட்டாங்க. இவரு இன்னா பண்ணாரு, சொத்த எல்லாம் இல்லாதவங்களுக்குக் குடுத்துட்டு ரோமாபுரிக்கு நடந்தாரு. போற வயில ஊரு ஊரா கொள்ள நோயி. பெத்த புள்ளய அப்பன் தூக்கிக் கடாசிட்டு ஓடறான். இவரு போயி அவங்க சீய மூத்தரத்த அள்ளறாரு, புண்ணத் தொடைக்கறாரு. அப்ப அவருக்கும் வந்துச்சி, தொடைல."

"வந்துச்சா."

"வந்துச்சி. யாருக்கும் நம்மால பேஜார் வேணாம்னு தானே காட்டுக்குப் பூட்டாரு. சாவறதுக்கு. ஒரு நாயி வந்துச்சி. தெனம் ஒரு ரொட்டி தூக்கினு வரும், புண்ண நக்கும். அது நக்கித்தான் ஆறிச்சி. அப்பறம் சொந்த ஊருக்கு வந்தாரு. தாடியும் கந்தலுமா கீறாரு, யாருக்கும் தெர்ல. வேவு பாக்க வந்தவன்னு ஜெயில்ல போட்டாங்க. போட்டது யாரு? சொந்த மாமன். அஞ்சு வருசம் உள்ளயே கெடந்து செத்தாரு. செத்தப்பறம் சட்டயக் கயட்டிப் பாத்தா மச்சம். அப்ப அயுவறானுங்க எல்லாரும்."

"நான்தாம்ப்பா ஒங்க மருமவன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா."

"இன்னாத்துக்கு சொல்லணும்? கண்ணு கீதுல்ல, பாக்கட்டும்." சற்று நேரம் ஈ ஓட்டினார். பிறகு, "அந்தக் கறுப்பு நாயி ஒரு வாரத்துல நல்லா கொயுத்துக் கீதாமே. ஜெனிஃபரு சொன்னா" என்றார்.

உப்புத்தாளை வைத்துத் தேய்த்த இடத்தையே நான் மறுபடி தேய்த்தேன்.

பதினான்காம் தேதி சிட்டம்மாளுக்குக் காய்ச்சல். கோயிலுக்கு வரவில்லை. அன்றைக்குத்தான் ஜான் காரில் வந்து இறங்கினார்.

ஜான் அந்தக் காலனிப் பிள்ளை. சென்னையில் ஏசி கான்ட்ராக்ட் எடுத்து மேலே வந்தவர். கோயிலுக்கு ஓடு மாற்றி, டைல்ஸ் போட்டு, திருநாள் செலவையும் ஏற்றுக்கொண்டவர். சிட்டம்மாளைப் பெரியம்மா என்று கூப்பிடுவார். சிலையைச் சுற்றிவந்து பார்த்தவர் தொடையருகே நின்றார்.

"அந்த ஓட்டய அடச்சிடு வேதகிரி."

"சார், அது ஓட்ட இல்ல. புண்ணு. அதுலதான எண்ண வெப்பாங்க."

"தெரியும். அதான் அடைக்கச் சொல்றேன். எம் பொண்டாட்டி வூட்டு சனம் வர்றாங்க, எங்கிட்ட வேல குடுக்கறவங்க வர்றாங்க. உள்ள நொழஞ்சா நேரா பாக்கறது இன்னா? சாமியே துணியத் தூக்கிப் புண்ணக் காட்டிக்கினு நிக்குது."

"அவரு கதையே அதானே சார்."

ஜான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் மூணாவது படிக்கச் சொல்ல ஒருத்தன் கேட்டான், உங்க சாமிக்கே சொறியாடான்னு. கிளாஸே சிரிச்சிது. புண்ணு, நாத்தம், நாயி, நம்மள்னா இதான்னு வெச்சிக்கீறானுங்க. நாமளும் இத்தயே மாலையப் போட்டுக் கும்புட்டுக்கினு கீறோம். போதும்ப்பா."

அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, உண்மையாகச் சொல்கிறேன். அந்த வகுப்பில் நான் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை.

"பெரிம்மாவ திருநாள் அன்னிக்கி உள்ள வுட முடியாது. இந்த நாத்தத்துல யாரு நிப்பாங்க? ஓட்டையே இல்லன்னா அவங்களுக்கு வேலயும் இல்ல. சண்ட இல்லாம முடிஞ்சிடும். அப்பறம் அந்த நாயி ஏன் கருப்பா கீது? வெள்ளையா அடி. பொசுபொசுன்னு."

"பொமரேனியன் மாதிரியா சார்?" என்றேன், கிண்டலாகத்தான்.

"ஆங், அந்த மாதிரி" என்றார்.

கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை பீட்டர் கதவைச் சாத்தினார். அவர் ஜான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அடைத்தேன், பட்டி என்கிற அடைப்புப் பசையை வைத்து. எண்ணெய் ஊறிய மரத்தில் பட்டி பிடிக்காது. தின்னரை ஊற்றி மூன்று முறை கழுவினேன். ஒவ்வொரு முறையும் மஞ்சளாகக் கசிந்தது. எத்தனை வருஷத்து எண்ணெயோ, யார் யார் விரலோ. கடைசியில் பட்டியைப் பிசைந்து அழுத்தித் திணித்து, காய்ந்ததும் தேய்த்து, தோல் நிறம் அடித்தேன். வேலை சுத்தம். புதுமாப்பிள்ளைத் தொடை மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. விரல் மட்டும் ஒன்றுமில்லாத இடத்தைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. நாயை வெள்ளையாக அடித்தபோது எனக்கு என்மேலேயே காறித் துப்பவேண்டும் போல இருந்தது. துப்பவில்லை, வேலையை முடித்தேன்.

திருநாளன்று சாயங்காலம் நாலு மணிக்குக் கோயிலைத் திறந்தார்கள். முந்தின நாள் பெய்த மழையில் தெருவெல்லாம் சேறு. மாட்டுக்கறி பிரியாணி தம்மில் இருந்தது. பேண்டு செட்டுக்காரர்கள் கரும்பு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார்கள். சாமிக்குக் கழுத்திலிருந்து கால்வரை மாலை. பங்குச்சாமியார் பைக்கில் வந்து இறங்கி ஜெபம் சொல்லி முடித்தார்.

சப்பரத்தில் ஏற்றப் போகிற நேரம், சாம்சன் தன் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தான். ஒரு பக்கம் அவன், இன்னொரு பக்கம் ஜெனிஃபர். சிட்டம்மாள் கல்யாணப் புடவை கட்டியிருந்தார். மடியில் எண்ணெய்க் கிண்ணம். கூட்டம் வழிவிட்டது. மரியாதையில் இல்லை, முந்தானையும் கைக்குட்டையும் மூக்குக்குப் போனது. ஜானின் விருந்தாளிப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

"பெரிம்மா, காய்ச்சலோட இன்னாத்துக்கு வந்தீங்க?" என்று ஜான் முன்னால் வந்தார். "மாலையத் தொட்டுக் கும்புட்டுட்டுக் கெளம்புங்க."

"மாலைய நீ தொடு ஜானு. எனக்கு வேல கீது."

சாமியார் புன்சிரிப்போடு, "விடுங்க, அவங்க வழக்கம்தானே" என்றார். அவருக்குப் பட்டி விஷயம் தெரியாது.

சாம்சன் அம்மாவைத் தூக்கிப் பிடித்தான். சிட்டம்மாள் எண்ணெயில் விரலைத் தோய்த்து, மாலையை விலக்கி, அங்கியின் விளிம்பைத் தடவிக் கண்டுபிடித்து, அதிலிருந்து நாலு விரற்கடை கீழே வைத்தார். முப்பத்தோரு வருஷமாக வைக்கிற இடம். விரல் வழுக்கியது. கொஞ்சம் மேலே போனது, கீழே வந்தது, பக்கத்தில் தேடியது. இருட்டில் தாழ்ப்பாளைத் தேடுகிற மாதிரித் தேடியது.

"எங்க?" என்றார், யாரிடமும் இல்லாமல்.

நான் தூணருகே நின்றிருந்தேன். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம்.

இன்னொரு முறை தடவினார். முகம் மாறியது. உள்ளங்கையை முழுதாக விரித்துத் தொடைமேல் வைத்தார், காய்ச்சல் பார்ப்பது போல.

"ஆறிடிச்சி" என்றார் மெதுவாக. "டேய் சாம்சா, சாமிக்குப் புண்ணு ஆறிடிச்சிடா."

கூட்டத்தில் ஒரு கிழவி, "ஆரோக்கியநாதரே" என்று தரையில் விழுந்தாள். அவ்வளவுதான், கோயிலே அழ ஆரம்பித்தது. ஒரு பெயிண்டர் ஒரு வாரம் உள்ளே உட்கார்ந்து உப்புத்தாள் போட்டதை ஊரே பார்த்திருக்கிறது. பாதிப் பேருக்காவது விஷயம் புரிந்திருக்கும். புரிந்தவர்களும் அழுதார்கள், அவர்கள்தான் சத்தமாக அழுதார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஜான் என்னைப் பார்த்தார், சிலையைப் பார்த்தார், விருந்தாளிகளைப் பார்த்தார். அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மைக்கை எடுத்தார்.

"அன்பான இறைமக்களே, நம்ம கண்ணு முன்னால ஒரு புதுமை, ஒரு அற்புதம் நடந்திருக்கு" என்றார். முதலில் குரல் இடறியது. அப்புறம் சரியாகிவிட்டது.

நான் கோயிலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். புண் நாற்றத்தால் இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு என் பையை எடுத்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போக அந்த வீட்டுக்குப் போனேன். குட்டியானை வாசலில் நின்றது. அதைச் சுற்றிக் குப்பியும் கையுமாக நாற்பது பேர். சாமிக்கு ஆறியதைத் தொட்டுப் பார்த்த கை வேண்டுமாம், அது எண்ணெயைத் தொட்டுக் கொடுக்கவேண்டுமாம். ஒரு கையில் குப்பியை நீட்டிக்கொண்டு, இன்னொரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் காட்சியை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

உள்ளே சாம்சன் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

"அம்மா வரமாட்டேங்கறாண்ணா. நீயாவது சொல்லேன்."

சிட்டம்மாள் சுவரில் சாய்ந்திருந்தார். காய்ச்சலில் கண் பளபளத்தது. கட்டுக்கு மேலே முழங்காலுக்கு முக்கால்வாசித் தூரம் கறுத்து வீங்கியிருந்தது. நேற்று அவ்வளவு இல்லை.

"சாமிக்கே ஆறிடிச்சி வேதகிரி. எத்தினி வருசத்துப் புண்ணு அது. எனக்குப் பத்து மாசத்துப் புண்ணு ஆறாதா? இன்னாத்துக்கு வெட்டிக்கணும்? இன்னும் ரெண்டு வாரம் பாப்போம்."

"ரெண்டு நாள் தாங்காதுன்னு நர்சு போன்ல சொன்னாங்க அத்தே" என்றாள் ஜெனிஃபர்.

"அவளுக்கு இன்னா தெரியும்."

ஜான் வாசற்படியில் வந்து நின்றார். மூக்கில் கைக்குட்டை. "வேதகிரி, கெளம்பலியா? பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கிளம்பியிருப்பேன். பாதி வழி போனபின் எனக்கு நானே ஏதாவது சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன், அப்படிப்பட்ட ஆள்தான் நான். ஆனால் அந்தக் காலைப் பார்த்துவிட்டேன்.

"யக்கா, சாமிக்கு ஆறல" என்றேன். "நான்தான் அடச்சேன்."

சாம்சன் எழுந்துவந்து என் சட்டையைப் பிடித்தான். "இன்னாண்ணா சொல்ற?"

"பட்டி வெச்சி அடச்சி, மேல பெயிண்ட் அடிச்சிட்டேன். ஜான் சார் சொன்னாரு, நான் பண்ணேன். நேத்தே சொல்லியிருக்கணும். சொல்லல."

"அவன் பேச்சக் கேக்காதீங்க பெரிம்மா" என்றார் ஜான். "சனத்தோட நம்பிக்கையக் கெடுக்கறான்."

சிட்டம்மாள் கையை நீட்டினார். "கையக் குடு" என்றார். கொடுத்தேன். என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினார். நகக்கண்ணில் பட்டி இறுகிக் கிடந்தது. பெயிண்டர் கையில் எத்தனை சோப்புப் போட்டாலும் அது போகாது. தன் நகத்தால் அதை நிமிண்டிப் பார்த்தார். வெகுநேரம் என் கையை விடவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"செவுத்துக்கு அடிக்கறதா இது?"

"மரத்துக்கு அடிக்கறதுக்கா."

"அப்ப உள்ள?"

"உள்ள அப்பிடியேதான் கீது."

"ஜெனிஃபரு, அந்த நர்சம்மா மொத நாளு இன்னா சொன்னா?"

ஜெனிஃபர் அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள். "மேல தோலு மூடிக்கிச்சேன்னு ஆறிச்சின்னு நெனச்சிக்கினீங்க, உள்ள அயுகிப்போயி கீதுன்னு சொன்னாங்க அத்தே. மொதல்லயே தொறந்து வுட்டிருக்கணும்னாங்க."

"ஆங்." என் கையை விட்டார். "சாமிய மூடி வெச்சிட்டு நான் மட்டும் போயி வைத்தியம் பாத்துக்கறதா? போ வேதகிரி. போயித் தொற. எங்கையால பாத்துட்டு வண்டில ஏறறேன்."

குப்பியோடு நின்ற நாற்பது பேரும் பின்னால் வந்தார்கள். நாற்காலியைச் சாம்சனும் வண்டி டிரைவரும் தூக்கினார்கள். ஜான் காரில் முந்திப் போய்க் கோயில் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"யாரும் உள்ள போவக் கூடாது. இது கோயிலா இன்னா? நான் கட்டி வுட்டேன், நீங்க ஒடைக்கறீங்களா?"

"ஜானு" என்றார் சிட்டம்மாள். "சின்னப் புள்ளல ஒனக்கு முதுகுல கட்டி. ஒங்கம்மா ஒன்னத் தோள்ல போட்டுக்கினு ராவெல்லாம் நடப்பா. இந்த எண்ணயத்தான் எங்கிட்ட வாங்கினு போவா. என்ன இன்னும் கிட்ட தூக்குங்கடா, அவங்கிட்ட பேசணும்."

நாற்காலியை அவருக்கு எதிரே ஒரு கை தூரத்தில் கொண்டு போனார்கள். ஜான் கைக்குட்டையை இறுக்கிப் பிடித்தார். கண்ணில் நீர் வந்தது. பிறகு விலகினார். அவரை விலக்கியது அம்மா நினைப்பா, நாற்றமா, எனக்குத் தெரியாது. நாற்றம் என்றுதான் நினைக்கிறேன்.

மாலையை ஒதுக்கிவிட்டுப் பட்டித் தகட்டை விளிம்பில் வைத்து ஒரு தட்டுத் தட்டினேன். ரொம்பச் சிரமப்படவில்லை. நான் சொன்னேனே, எண்ணெய் ஊறிய மரத்தில் பட்டி பிடிக்காது. மூன்று நாளில் உள்ளேயிருந்து எண்ணெய் கசிந்து பட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தது. மூடி கழன்ற மாதிரி ஒரே கட்டியாக என் உள்ளங்கையில் விழுந்தது. பின்பக்கம் மஞ்சளாக ஈரம். சிக்கு வாடை அடித்தது. நேற்று தரையில் விழுந்து அழுத கிழவி குப்பியை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

சாம்சன் அம்மாவைத் தூக்கிப் பிடித்தான். விரல் நேராகப் போய்ப் பள்ளத்துக்குள் முதல் கணுவரை இறங்கியது. அப்படியே வைத்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது. மன்றாட்டா, திட்டா, எனக்குக் கேட்கவில்லை. பிறகு விரலை எடுத்து, "ஜெனிஃபரு, அடுத்த வருசம் நீ" என்றார். மருமகளின் கையைப் பிடித்து இழுத்து அவள் விரலையும் உள்ளே வைத்தார்.

நாயைக் கறுப்பாக்க நேரமில்லை. வெள்ளையாகவே நிற்கிறது.

குட்டியானையில் பின்பக்கம் வைக்கோலைப் பரப்பி, மேலே பாய் போட்டுப் படுக்கவைத்தார்கள். சாம்சன் தலைமாட்டில் உட்கார்ந்தான். ஜெனிஃபர் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறினாள். கால்மாட்டில் ஒருத்தர் உட்கார்ந்து, பள்ளம் மேடுகளில் காலைத் தூக்கிப் பிடிக்கவேண்டும். டிரைவர் யாராவது வருகிறீர்களா என்று பார்த்தான். எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது. நான் ஏறினேன். பெரிய மனசால் இல்லை, அடைத்தவன் நான்.

சாலவாக்கம் தாண்டினோம். சாலையில் நெல்லைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள், டிரைவர் ஒதுங்கி ஒதுங்கிப் போனான். காலை என் மடியில் வைத்திருந்தேன். அதன் சூடு வேட்டியைத் தாண்டி வந்தது. கட்டில் ஊறியது என் கையில் ஒட்டியது. ஈக்கள் ஊரிலிருந்து கூடவே வந்தன.

"வேதகிரி" என்றார் சிட்டம்மாள், கண்ணைத் திறக்காமல். "நாத்தம் அடிக்குதா?"

சாம்சன் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினான்.

"அடிக்குதுக்கா" என்றேன். "ரொம்ப அடிக்குது."

"ஆங்" என்றார். ஒரு ஈயை ஓட்டிவிட்டு, "நாலு மாசமா எனக்கே தாங்கல" என்றார். "இவங்க இல்ல இல்லன்றாங்க. நான்தான் பைத்தியமாயிட்டனோன்னு பயந்து கெடந்தேன்."